இரண்டு தரம் சுட்ட இஞ்சி பிஸ்கட்

பங்களாக் குசினிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். வெளியே பனி மூட்டம் இறங்குகிறது. சாத்தியாயிற்றா? இனிப் பேசலாம்.

நான் படித்தவள் இல்லை. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் ஹட்டன் என்று இருக்கிறதா, பொகவந்தலாவை என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுவேன். அவ்வளவுதான். ஆனால் டிக்கோயாப் பக்கத்து இந்தப் பங்களாவில் நான் சமையல் பார்க்கிற கோக்கியாக இருந்த காலத்தில், நான் சுட்டதைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்காத துரை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இன்றைக்கு இது ஹோட்டல். துரைமாருக்குப் பதிலாக டூரிஸ்டுகள் வருகிறார்கள். உங்களுக்குக் காஸ் அடுப்பு இருக்கிறது, வேலை முடிந்தால் மணி அடித்துக் கூப்பிடுகிற மின்சார அவன் இருக்கிறது. மாவு பிசைவதை நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். ஒரு காரியம் கையை விட்டு வழுக்குகிறபோது என்ன செய்வது என்பதைச் சொல்லுங்கள் அம்மா என்று உங்கள் செஃப் கேட்டார். சொல்கிறேன். அவசரப்படுத்த வேண்டாம், நான் மெதுவாகத்தான் வருவேன், கதையிலும் சரி, நடையிலும் சரி.

நான் இந்தக் குசினிக்கு வந்ததே முழங்காலால்தான். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. அப்போது நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஒரு மழை நாள் கூடையோடு சறுக்கி, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். அன்றைக்கு மடங்கிய கால் அப்புறம் நேராக நீளவே இல்லை. "மலை ஏறாத ஆளுக்கு நான் எப்படிம்மா பேர் போடுறது?" என்றார் கணக்குப்பிள்ளை. பேர் விழவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்தில் வேலையே இல்லை என்றால் வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரு காம்பராதான். அதில் நானும் அம்மாவும். அம்மாவுக்கு வயதாகி எப்போதோ பேர் நின்றுவிட்டது.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, பங்களாவில் விறகு அடுக்கவும் வெங்காயம் உரிக்கவும் சேர்ந்தேன். பழைய கோக்கி நல்ல மனுஷன். சொல்லித்தர மாட்டார், ஆனால் பார்ப்பதைத் தடுக்கவும் மாட்டார். நானும் வெங்காயத்தைவிட அவர் கையைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் ஒரு நாள் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்கே போய்விடுவதென்று கப்பல் ஏறினார். அடுப்பு காலியானது. புதுக் கோக்கி கிடைக்கும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய துரையின் மனைவி, துரைசாணியிடம் சொன்னேன்.

அந்தத் துரைசாணி தேயிலை மலையில் கற்ற தமிழைப் பேசுவார். "சரி, நீ பண்ணு. வீ.ஏ. துரை வாறது. அவர் வந்து போறது முடிஞ்சா பார்க்கலாம். தேத்தண்ணி மேசை நல்லம் என்றால் நீதான் கோக்கி. நல்லம் இல்லை என்றால்..." என்று கையை விரித்தார்.

வீ.ஏ. துரை என்றால் கம்பெனிக்காகத் தோட்டம் தோட்டமாகச் சோதனை செய்து வருகிற துரை. எங்கள் பெரிய துரைக்கே பெரிய துரை. பங்களாவில் எத்தனை வேலையாட்கள் இருக்கலாம் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது.

பங்களாவில் என்னைத் தவிர இன்னொருவரும் அந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பு. பங்களாவின் உள்வேலைக்கெல்லாம் அவர்தான் தலைவர். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், துரைமாரோடு பேச இங்கிலீஷ். அவருடைய மச்சான் கண்டியில் ஒரு ஹோட்டலில் சமைத்துக்கொண்டிருந்தார். அவரை இங்கே கோக்கியாகக் கொண்டுவர வேண்டும் என்பது அப்புவின் எண்ணம். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் ஆளுக்கு வேலை தேடுபவரையெல்லாம் கெட்டவர் என்று சொன்னால் தோட்டத்தில் நல்லவர் யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

"அங்கம்மா, கொழுந்துக் கூடை தூக்குன கையி அது. கேக்கு, புடிங்கி எல்லாம் அதுக்கு வசப்படுமா புள்ள?" என்பார்.

"பாத்துப் பாத்து ரெண்டு எலையும் ஒரு மொட்டுமா கிள்ளுன கைங்க இது. கல்லு ஒடைச்ச கை இல்லீங்க அப்பு" என்பேன்.

அந்தச் சமயத்தில் துரைசாணியின் தகப்பனார் சீமையிலிருந்து வந்து தங்கியிருந்தார். வாழ்நாளெல்லாம் கப்பலில் வேலை பார்த்தவர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கப்பல் தாத்தா. வெள்ளைக்காரருக்கே நம் மலைக் குளிர் தாங்கவில்லை. பங்களாக் கூடத்தில் அத்தனை பெரிய கணப்பு எரிய, அதை விட்டுவிட்டுக் குசினிக்கு வந்து, விறகுப் பெட்டிமேல் உட்கார்ந்து, காலை டோவர் அடுப்புப் பக்கம் நீட்டிக்கொள்வார். டோவர் அடுப்பு என்றால் அந்தக் காலத்துப் பங்களாக்களின் விறகு போடுகிற இரும்பு அடுப்பு. பிஸ்கட் சுடுகிற அவன் அதற்குள்ளேயே இருக்கும். நான் அவருக்குத் தேத்தண்ணியும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுப்பேன். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் முக்கித்தான் தின்பார்.

ஒரு நாள் பிஸ்கட்டை உயர்த்திக் காட்டி என்னவோ கேட்டார். அப்பு வாசற்படியில் நின்று மொழிபெயர்த்தார்.

"பிஸ்கட்டுன்னா என்னா அர்த்தம்னு கேக்குறாரு. சொல்லு பாப்போம்."

"திங்கிற சாமானுக்கு என்னாங்க அர்த்தம்? பிஸ்கோத்துன்னா பிஸ்கோத்துதான்."

பிஸ்கோத்து என்று நான் சொன்னதைக் கேட்டதும் கிழவர் துள்ளி உட்கார்ந்தார். இங்கிலீஷ்காரருக்கு முன்னாடி இந்தக் கரைகளுக்கு வந்த போர்த்துக்கேயக் கப்பல்காரர்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வார்களாம். அப்புறம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி நீளமாகப் பேசினார்.

"வேதக் கோயில்ல பூசைக்குச் சாமியார் ஓதுற பழைய பாஷை இருக்கில்ல, லத்தீன், அதுலேர்ந்து வந்த பேராம்" என்றார் அப்பு. "முன்பாதிக்கு ரெண்டு தரம்னு அர்த்தம். பின்பாதிக்குச் சுட்டதுன்னு அர்த்தம். ரெண்டு தரம் சுட்டது. அதான் பிஸ்கட்டு."

எனக்கு வந்த சந்தேகத்தைக் கேட்டேன். "நாம ஒரு தரம்தானேங்க சுடுறோம்?"

அப்பு அதைச் சொன்னதும் கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு விவரம் சொன்னார். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்களாம். ரொட்டி கொண்டுபோனால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் ஒரு தரம் சுட்டு எடுத்து, மறுபடியும் மெல்லிய சூட்டில் போட்டு, உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் போகும்வரை விடுவார்களாம். கல்லு மாதிரி ஆகிவிடும். முக்காமல் கடித்தால் பல் போய்விடுமாம். அதிலும் நாள்பட்டால் புழு வைக்கும். அதனால் கப்பல்காரன் பிஸ்கட்டை எடுத்ததும் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவானாம். புழு விழுந்துவிடும். இவன் தின்பானாம்.

"சீ!" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அப்புறம் கரையில இருக்கிற சனங்க அந்த ரெண்டாவது சூட்ட விட்டுட்டாங்களாம். பேர மட்டும் வச்சுக்கிட்டாங்களாம்" என்று முடித்த அப்பு, குரலைத் தாழ்த்திச் சொந்தமாகவும் கொஞ்சம் சேர்த்தார். "வேலைய விட்டுட்டுப் பேர மட்டும் வச்சிருக்கிறதுன்னா, மலை மேற்பார்வைக்குன்னு இருக்கிற நம்ம கண்டாக்கு ஐயா மாதிரி."

கிழவர் நிறுத்தவில்லை. நாம் இஞ்சி என்பதை அவர்கள் ஜிஞ்சர் என்கிறார்களே, அதுவும் நம்முடைய இஞ்சியிலிருந்து போனதுதானாம். நம் பக்கத்துக் கரையில் கப்பலேறி, போன துறைமுகத்திலெல்லாம் வாய்க்கு வாய் மாறி ஜிஞ்சர் ஆகிவிட்டதாம்.

"அப்போ ஜிஞ்சர் பிஸ்கட்டுங்கிற பேர்ல பாதி எங்களுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அன்று முழுவதும் கப்பல் தாத்தா "ரெண்டு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டே இருந்தார். இன்னொரு கோப்பைத் தேத்தண்ணி வேண்டும் என்றாலும் அதையேதான் சொன்னார்.

வீ.ஏ. துரை வரும் நாள் வந்தது. தென்மேற்கு மழைக் காலம். உப்பு ஜாடியில் உப்பு அழும், நெருப்புப் பெட்டி பற்றாது, அப்படிப்பட்ட காலம். துரைசாணி கேட்டது இஞ்சி பிஸ்கட். இருந்த வெண்ணெய் முழுவதையும் போட்டு, மதியமே சுட்டு எடுத்தேன். ஒன்றை ஒடித்துப் பார்த்தேன். சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம் வந்தது. எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். சீக்கிரம் ஆறட்டும் என்று ஜன்னலை அகலத் திறந்து, தட்டுகளை அதன் கீழே வரிசையாக வைத்துவிட்டு, ராச்சாப்பாட்டுக்குக் கோழி பார்க்கப் போய்விட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்த காம்பராவுக்கு ஒரு கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. எங்கள் லயம் முழுக்க அப்படித்தான். புகை போவதும் வெளிச்சம் வருவதும் நாய் எட்டிப் பார்ப்பதும் அந்த ஒரே வழிதான். ஜன்னல் என்றால் எனக்குப் பெரிய வீட்டு அழகு. திறந்து வைப்பதற்கென்றே செய்தது என்று நினைத்திருந்தேன். அதை எப்போது சாத்த வேண்டும் என்பதை எனக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

கோழியைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், குசினிக்குள்ளே மூட்டம் வந்து மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டு போய் ஒரு பிஸ்கட்டை எடுத்தேன். வளைந்தது. பிஸ்கட் வளையலாமா பிள்ளைகளே?

அப்பு வந்தார். அவரும் ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்தார்.

"வெத்தல மாதிரியில்ல மடியுது. கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தாத் தடவிப் போட்டுக்கலாம்."

"சிரிக்காதீங்க அப்பு."

"சிரிக்கல புள்ள. வீ.ஏ. தொரை தேயிலை பண்ற ஸ்டோருக்குள்ள கொழுந்து பாத்துக்கிட்டு இருக்காரு. அது முடிஞ்சா நேரா இங்கதான். வெண்ணெய் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப நான் சொல்றதக் கேளு. சாமான் அறையில சீமை டின் பிஸ்கட் இருக்கு. சீலு ஒடைக்காதது. அதப் பிரிச்சுத் தட்டுல அடுக்கிருவோம். அங்கம்மா சுட்டதுன்னு நானே சொல்றேன். யாருக்குத் தெரியப் போகுது?"

நல்ல மனசோடுதான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அப்படிச் செய்தால் அன்றிலிருந்து என் வேலை அவர் சட்டைப் பைக்குள் இருக்கும். மச்சான் கண்டியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நான் உட்கார்ந்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் முக்கியமானது. காரியம் கெட்டுப்போனால் எல்லோரும் ஓடுவார்கள். நான் உட்காருவேன். என் முழங்கால் பழக்கிவிட்ட பழக்கம் அது. நின்றால் கை எதையாவது செய்யத் தேடும். உட்கார்ந்தால்தான் தலை வேலை செய்யும். கப்பல் தாத்தாவின் விறகுப் பெட்டிமேல்தான் உட்கார்ந்தேன். என்ன கெட்டுப்போயிற்று என்று என்னையே கேட்டேன். மாவு கெடவில்லை. இனிப்புக் கெடவில்லை. ஈரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். வந்த ஈரத்தைப் போகச் சொல்ல வேண்டும். கப்பல்காரர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பெயர் என்ன சொல்கிறது?

"அப்பு, மறுபடி அடுப்புல வைக்கப் போறேன்."

"சுட்டதையா? சீனி போட்டது புள்ள, கரியாப் போயிரும்!"

"நெருப்புல வச்சாத்தானே கரியும்."

மழைக் காலத்தில் லயத்தில் ஈரத் துணியை எப்படிக் காய வைப்போம்? அடுப்புக்கு மேலே உயரத்தில் கொடி கட்டிப் போடுவோம். நெருப்புக்குக் கிட்டே போட்டால் துணி போச்சு. எனக்குச் சூடுதான் வேண்டும், நெருப்பு வேண்டாம். எரிகிற விறகையெல்லாம் வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். கோழி காத்திருக்கட்டும் என்று ஒதுக்கி வைத்தேன்.

ஆனால் தட்டை உள்ளே வைப்பதற்கு முன்னால் நொண்டிக்கொண்டே துரைசாணியிடம் போனேன். அவர் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"தொரசாணி, பிஸ்கட்டு நமுத்துப் போச்சுங்க. ஜன்னலத் தொறந்து வச்சது நான்தான். மறுபடி அடுப்புல வச்சு எடுக்கப் போறேன். தேத்தண்ணி கொஞ்சம் பிந்தும்."

"பிந்துறது எவ்வளவு?"

"வீ.ஏ. தொரை மொகங் கழுவி, சப்பாத்து மாத்தி, நம்ம ரோசாப்பூவெல்லாம் பாத்து முடிக்கிற அளவுக்குங்க."

சீப்பு நின்றது. "கரிஞ்சு போனால்?"

"கரிஞ்சு போனா நாளைக்கு இங்க நான் இருக்க மாட்டேங்க."

என் முகத்தைப் பார்த்தார். "சரி, போ. சீக்கிரம்" என்றார்.

எதற்காகப் போய்ச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். மேசையில் உட்கார்ந்து விருந்தாளிக்கு எதிரே முழிக்கப் போவது அவர். முழிக்கப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தவிர, பிந்தப்போவது அவருக்குத் தெரிந்தால் அவர் பாட்டுக்கு விருந்தாளியை இழுத்துப் பிடித்துக்கொள்வார். எனக்கு வேண்டியது நேரம். அது என் கையில் இல்லை, அவர் கையில் இருந்தது.

தட்டுகளை உள்ளே வைத்து, அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்தே விட்டேன், ஈரம் வெளியே போக. கார் சத்தம் கேட்டது. அப்பு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். அவர் என்ன செய்தார் தெரியுமா? கை கழுவச் சுடுதண்ணீர் கொண்டுபோனார், அன்ன நடை நடந்து. துவாலை மறந்துவிட்டது என்று திரும்பி வந்தார். துவாலை கொண்டுபோனார். சவர்க்காரம் மறந்துவிட்டது என்று திரும்பி வந்தார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

"என்னாங்க அப்பு, இன்னைக்கு இவ்வளவு மறதி?" என்றேன்.

"மேசைக்கு நமுத்தது போனா என் கோட்டுக்கும்தானே அசிங்கம்" என்றார்.

தட்டுகளை வெளியே எடுத்தேன். நிறம் ஒரு படி கூடியிருந்தது, கரியவில்லை. அப்பு விரலால் அமுக்கினார். முகம் சுருங்கியது. "இன்னும் மெத்துன்னுதானே இருக்கு!"

"சூட்டுல அப்படித்தான் இருக்கும். ஆறட்டும்."

"ஆற வைக்கப் போயித்தானே இந்த வெனை!"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கியையும் மாட்டினேன். தட்டுகளை அடுப்பின் மேல்தட்டில், இளஞ்சூட்டில் வைத்தேன். இரண்டு பேரும் பிள்ளை பெறுகிற வீட்டில் நிற்பதுபோல நின்றோம். துரைசாணி வெளியே ரோசாப்பூவைப் பற்றிப் பேசுகிற சத்தம் கேட்டது. ஒரு பூ விடாமல் காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றை எடுத்து ஒடித்தேன். அந்தச் சத்தம் அம்மியில் மிளகு உடைந்த மாதிரி இருந்தது. மதியம் வந்த சத்தத்தைவிட நல்ல சத்தம். அப்பு பிஸ்கட்டை அடுக்கித் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் சாப்பாட்டறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். வீ.ஏ. துரை ஒன்றை எடுத்தார். கடித்தார். பேசிக்கொண்டே தின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்துக் கப்பல் தாத்தா ஒன்றை எடுத்தார். தேத்தண்ணியில் முக்கவில்லை. கையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் மேசையில் தட்டினார்.

டொக். டொக்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். துரைசாணியின் முகம் வெளுத்தது. புழு தட்டுகிற தட்டு அல்லவா அது! ஈரத்தோடு வேறு ஏதும் வந்து ஏறிவிட்டதா? காம்பரா போச்சு, அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன் என்று அந்த இடத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கிழவர் இரண்டு விரலைத் தூக்கினார். தெரிந்த தமிழ் முழுவதையும் சேர்த்துக் கத்தினார்:

"ரெண்டு தரம்!"

சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார் மனுஷன். அப்புறம் அந்தப் பழைய பாஷைக் கதையை வீ.ஏ. துரைக்கு ஆதியிலிருந்து சொன்னார். வீ.ஏ. துரையும் தன் பிஸ்கட்டை மேசையில் தட்டிப் பார்த்துச் சிரித்தார். எங்கள் பெரிய துரையும் தட்டினார். கொஞ்ச நேரத்தில், விடியக் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டுக்கு அடிக்கிற தப்பு மேளம் மாதிரி மேசை முழுக்கச் சத்தம். திரும்பி வந்த தட்டில் தூள்கூட இல்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். வீ.ஏ. துரை இங்கிலீஷில் சொன்னதைத் துரைசாணி தமிழில் சொன்னார். "இனிமேல் நீதான் கோக்கி. வீ.ஏ. துரை சந்தோஷம். உனக்கு என்ன வேணும் என்று கேக்குறது."

"சம்பளத்தக் கூட்டிக் கேளு" என்று அப்பு பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

"எங்க காம்பராவுக்கு ஒரு ஜன்னல் வேணுங்க" என்றேன்.

துரைசாணி அதை ஒரு தரம் சொன்னார். வீ.ஏ. துரை புரியாமல் பார்த்தார். இன்னொரு தரம் சொன்னார். அப்போதும் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தலையை ஆட்டிவிட்டார். தலையாட்டினால் போதும், மற்றதை அப்பு பார்த்துக்கொண்டார். தோட்டத்துத் தச்சனை விடாமல் விரட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். மச்சான் கண்டியிலேயே இருந்துகொண்டார். பக்கத்துக் காம்பராக்காரி என் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? அவள் கணக்குப்பிள்ளையைப் பிடித்துச் சண்டை போட்டது வேறு கதை.

அதற்குப் பிறகு இந்தப் பங்களாவில் பிஸ்கட் என்றால் இரண்டு தரம் சுட்டதுதான். ஊரெல்லாம் ஒரு தரம் சுட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருக்கட்டும். நான் பெயருக்குள்ளே சொன்ன வேலையையும் செய்தேன். நீங்களும் ஒரு பொருள் கையில் வந்தால் அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரிடமாவது கேட்டு வையுங்கள். எப்போது உதவும் என்று தெரியாது.

ஜன்னல் வைத்த அன்று சாயங்காலம் மேசையில் மிஞ்சிய பிஸ்கட் கொஞ்சம் கொண்டுபோனேன். அம்மா குந்தியிருந்து அந்தப் புது ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி இது? குளிரு உள்ள வர்றதுக்கா?"

"வெளிச்சம் வருதுல்ல. நீ தின்னும்மா."

அம்மா ஒன்றைக் கடித்தாள். கடக்கென்றது. ஜன்னல் வழியே எதிர் மலையில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. அந்த மலையில் எத்தனை வருஷம் கொழுந்து பறித்திருப்பேன். உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்துக்கொண்டே இருந்தோம். பள்ளத்திலிருந்து மூட்டம் மெல்ல ஏறி எங்கள் லயத்தைப் பார்த்து வந்தது.

"சாத்துடி, பிஸ்கோத்து நமுத்துப் போயிரும்" என்றாள் அம்மா.

எழுந்து போய்ச் சாத்தினேன். சாத்துவதற்கு எங்களுக்கும் ஒரு ஜன்னல் இருந்தது.